மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகுமா?

(பண்ணை நேயர்களுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



கறவை மாடு, வெள்ளாடு, கறிக்கோழி என்று எத்தனையோ பேச்சு கேட்டிருப்பீர்கள். இன்றைக்குக் குதிரையைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். "பல்லடத்துல ஏதுங்க குதிரை? தறிச் சத்தமும் கோழிப் பண்ணையுந்தானே இருக்குது" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பல்லடம், பொங்கலூர், காங்கயம், திருப்பூர் சுற்று வட்டாரத்தில் தோட்டத்துச் சாளைகளில் குதிரை கட்டியிருப்பவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். கோயில் விழாவுக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு, ரேக்ளாவுக்கு, சும்மா ஆசைக்கு என்று ஆளுக்கொரு காரணம். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் பண்டிகையை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனால் நம் பக்கத்து ஆட்களை அங்கே பார்க்கலாம். பனியன் கம்பெனி வைத்திருப்பவர், தறி ஓட்டுபவர், கோழிப் பண்ணைக்காரர் எல்லோரும் அங்கே பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வாங்குவது சுலபம். வைத்துக் காப்பாற்றுவதில்தான் சங்கடம். ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் குதிரை அறிவு ஊருக்குள் இருந்தது. வண்டிக்காரருக்குத் தெரியும், லாடம் அடிப்பவருக்குத் தெரியும், புல்லுக்கட்டு விற்கும் அம்மாவுக்குக்கூட எந்தப் புல்லைக் குதிரை தின்னும் என்று தெரியும். ஆட்டோ வந்தது, ஜட்கா போயிற்று, அந்த அறிவும் கூடவே போயிற்று. இப்போது குதிரை வாங்குகிறவருக்கு மாடு தெரியும், கோழி தெரியும். அதனால் மாட்டுக்குச் செய்ததையே குதிரைக்கும் செய்கிறார். பெரும்பாலான கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாடு அசை போடும். அதன் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி மாதிரி. காலையில் ஒரு மூட்டு தின்றுவிட்டு மத்தியானம் படுத்து நிதானமாக அசை போட்டுக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்கச் சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். நார்த்தீவனம் செரிப்பதெல்லாம் பின்னால், பெருங்குடலில். ஆகவே குதிரை கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய வேண்டிய பிராணி. இன்னொன்று, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் வாய் ஒருவழிக் கதவு மாதிரி இறுகி இருக்கும். ஆகாதது ஒன்று உள்ளே போய்விட்டால் வெளியே தள்ள வழி கிடையாது. இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பல்லடம் என்றால் கறிக்கோழி. ஒரே தோட்டத்தில் ஒரு பக்கம் கோழிக் கொட்டகை, இன்னொரு பக்கம் குதிரைக் கொட்டகை இருப்பது நம் பகுதியில் சாதாரணம். கோழித் தீவன மூட்டை வாசலில் கிடக்கும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு எல்லாம் கலந்த நல்ல தீவனம்தானே, குதிரைக்கு இரண்டு படி போட்டால் உடம்பு தேறும் என்று தோன்றும். வேலையாள் தெரியாமல் அள்ளிப் போட்டுவிடுவதும் உண்டு. அல்லது கயிறு அவிழ்ந்து குதிரையே மூட்டையில் வாய் வைத்துவிடும்.

நேயர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கறிக்கோழிக்கு ரத்தக்கழிச்சல் நோய் வராமல் இருக்கத் தீவனத்தில் ஒரு வகை மருந்து சேர்ப்பது வழக்கம். மோனென்சின், சாலினோமைசின், மதுராமைசின் என்று அதில் பல பெயர்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து உலகமெங்கும் கோழித் தொழிலில் புழங்கிவரும் மருந்துகள்தான் இவை. கோழிக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் குதிரைக்கு இவை கொடிய விஷம். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 200 மில்லிகிராம் மோனென்சின் போனால்தான் கோழி சாகும். குதிரைக்கோ கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும். ஒன்றுக்கு எழுபது, நூறு மடங்கு வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மூர் நாட்டுக் குதிரை ஒன்று 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 முதல் 900 மில்லிகிராம் மோனென்சின் அதன் உயிரை வாங்கப் போதும். ஒரு டன் கோழித் தீவனத்தில் 100 முதல் 120 கிராம் வரை இந்த மருந்து இருக்கும். அதாவது ஒரு கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல். ஆறேழு கிலோ தின்றால் கதை முடிந்தது. சாலினோமைசின் இன்னும் மோசம், அது கலந்த தீவனம் மூன்று கிலோவே ஆபத்து. இதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது. தீவனத்தைத் தோட்டத்திலேயே கலக்குபவர்கள் இந்த மருந்தைத் தூளாகப் பாக்கெட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். நூற்றுக்கு இருபது பங்கு மருந்துள்ள அந்தத் தூளில் நாலு கிராம், ஒரு சின்னக் கரண்டி, ஒரு குதிரையைச் சாய்த்துவிடும். கோழித் தீவனம் கலந்த அதே மெஷினில், அதே தொட்டியில், கழுவாமல் குதிரைத் தவிட்டைக் கலக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷம் ஏறினால் எப்படித் தெரியும்? முதலில் தீனியை வெறுக்கும். பிறகு வேர்த்துக் கொட்டும், பின்னங்கால் தள்ளாடும், படுத்தால் எழுந்திருக்க முடியாது, மூத்திரம் காப்பிக் கலரில் போகும். சிலது ஒரு அறிகுறியும் காட்டாமல் காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும். இந்த மருந்து தாக்குவது இருதயத் தசையை. மாற்று மருந்து கிடையாது. தின்ற சில மணி நேரத்துக்குள் டாக்டர் வந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூளும் எண்ணெயும் கொடுத்து மேற்கொண்டு ஏறாமல் தடுக்கப் பார்ப்பார், அவ்வளவுதான். பிழைத்துக்கொண்ட குதிரையையும் நம்ப முடியாது. இருதயத்தில் தழும்பு நின்றுவிடும். பல மாதம் கழித்து ரேக்ளாவில் ஓடும்போது பொத்தென்று விழுந்து சாகும். மேலே ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் கதி என்ன? அதனால்தான் இதற்கு இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கோழித் தீவனத்துக்கும் மருந்துத் தூளுக்கும் தனி அறை, அதற்கு ஒரு பூட்டு. குதிரைத் தீனிக்குத் தனி வாளி, தனி அளவுப்படி. கொட்டகையில் வேலை செய்யும் ஆளுக்கு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அவருக்குப் புரிகிற பாஷையில் இதைச் சொல்லிவிடுங்கள். மூட்டையில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாமல் இருக்கலாம். ஒரு குதிரைப் படத்தைப் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு அடித்துக் கதவில் ஒட்டுங்கள். கோழிக் கொட்டகை எருவைக் குதிரை மேயும் புல்காட்டில் போடாமல் இருப்பதும் நல்லது. செத்த கோழி அதோடு சேர்ந்து வந்தால் வேறொரு விஷநோய் வரும், நாக்கும் தொண்டையும் செயலற்றுப் போய்க் குதிரை பட்டினியாகச் சாகும்.

மக்காச்சோளம் பற்றி ஒரு வார்த்தை. நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைக் கோழிக்கு ஆகாது என்று ஒதுக்குவார்கள். "வீணாப் போவானேன், குதிரைக்காவது போடலாமே" என்று ஒரு எண்ணம் வரும். வேண்டாம். அந்தப் பூசணத்தில் உண்டாகும் ஒரு நஞ்சு குதிரையின் மூளையைக் கரைத்துவிடும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கோழிக்கே ஆகாது என்று தள்ளியது குதிரைக்கு எப்படி ஆகும்?

அடுத்து மாட்டு மருந்து. வீட்டில் மீந்து கிடக்கும் மருந்தை எடுத்துக் குதிரைக்குப் போடும் பழக்கம் இருக்கிறது. மூன்று மருந்துகளை மட்டும் சொல்கிறேன். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் படவே விடக்கூடாது. குடல் ஓட்டம் நின்று சாணம் உள்ளேயே கட்டிக்கொள்ளும். கோழிக்கும் பன்றிக்கும் கொடுக்கும் லின்கோமைசின் குதிரைக்குள் போனால் குடலில் நல்ல கிருமியெல்லாம் செத்துக் கெட்ட கிருமி பெருகி அடக்க முடியாத கழிச்சல் வரும். மூன்றாவது, குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குத் தோலடியில் போடும் ஐவர்மெக்டின் ஊசி. மருந்து குதிரைக்கும் ஆகும், ஆனால் ஊசியாக வேண்டாம். ஊசி போட்ட இடம் வீங்கி அழுகிப்போகிற அபாயம் உண்டு. குதிரைக்கென்று வாயில் கொடுக்கும் பசை வருகிறது, அதை எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை தடவை என்பதைச் சாணப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லட்டும். மாசாமாசம் கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

சரி, என்னதான் போடுவது?

புல்லும் தட்டும்தான் குதிரையின் சோறு. கொள்ளும் தவிடும் கறி, குழம்பு மாதிரி. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 300 கிலோ குதிரைக்குக் காய்ந்த எடையில் நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து கிலோ நார்த்தீவனம் போக வேண்டும், அதையும் நாலு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். நம் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல் நல்ல புல். காய்ந்த சோளத்தட்டைப் பொடியாக நறுக்கிப் போடலாம். முற்றின தட்டை முழுசாகப் போட்டுத் தண்ணியும் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பச்சைச் சோளப் பயிரில் மட்டும் நாள் கணக்கில் மேய விடாதீர்கள். வாரக்கணக்கில் மேய்ந்த குதிரைக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் பின்பக்கம் தளர்ந்துபோகும் ஒரு நோய் வருகிறது, அது திரும்பச் சரியாவது அபூர்வம். கொள்ளை வேகவைத்துப் போடுங்கள். வேலை செய்யும் குதிரைக்கு நாளுக்கு ஒரு கிலோ தாராளம்.

தவிட்டைப் பற்றிச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். "எங்க தாத்தன் காலத்துல இருந்து தவிடு போட்டுத்தான் வளர்த்தோம்" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் தாத்தன் குதிரை பகலெல்லாம் காட்டில் மேய்ந்தது. அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து அதில் பத்தில் ஒரு பங்குதான். குதிரைக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு, சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருக்க வேண்டும். போதாக்குறைக்குக் கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் புல் இவற்றில் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. அது புல்லிலுள்ள சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. மாட்டின் பெருவயிற்றில் உள்ள கிருமிகள் இந்த அமிலத்தை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிடும் இந்தப் புல்லும் மட்டுமே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். முதலில் காரணமில்லாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். பிறகு மூக்குத்தண்டுக்கு இரண்டு பக்கமும் எலும்பு உப்பி முகம் பெரிசாகும். "குதிரை முகம் விரிஞ்சு அழகா வருது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். பல் ஆடும், தீனி மெல்ல முடியாது, ஓடும்போது கால் எலும்பு முறியும்.

இதற்கு மருந்து நம்ம கோயமுத்தூர்ச் சீமையிலேயே விளைகிறது. பெயரிலேயே குதிரை இருக்கிறது, குதிரைமசால். சுண்ணாம்புச் சத்து அதில் ஏராளம். தினமும் நாலைந்து கிலோ பச்சைக் குதிரைமசாலோ, கிடைக்காத பட்டத்தில் காய்ந்த கடலைக்கொடியோ புல்லோடு சேர்த்துப் போடுங்கள். பூசணம் இல்லாத கொடியாகப் பார்த்துப் போடுங்கள். தவிட்டைக் குறையுங்கள். முட்டைக் கோழித் தீவனத்துக்குச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் தூள் இருக்கிறதே, அது ஒன்றும் செய்யாது, டாக்டர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். ஆனால் வெறும் சுண்ணாம்புக்கல் தூள்தான், மருந்து கலந்த எதுவும் அல்ல என்று இரண்டு தடவை பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் நாளுக்கு 25, 30 லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கு மேலும். ஆழ்குழாய்த் தண்ணி உப்புக் கரித்தால் குதிரை மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும், மாடு மாதிரி குடித்துவிடாது. குடிக்காமல் நின்றால் சாணம் கட்டும். எத்தனை வாளி குடித்தது என்று எண்ணுவது நல்ல பழக்கம். தீனியில் தினம் இரண்டு கரண்டி கல்லுப்பு போடலாம்.

நம் பக்கத்தில் மட்டும் உள்ள ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பனியன் வேஸ்ட் துணி குதிரையைத் துடைத்துவிட அருமையான சாமான், வேர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் துடைத்த துணியையும், நூல் கழிவையும், தீவன மூட்டை தைத்த பிளாஸ்டிக் நூலையும் கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள். புல்லோடு சேர்த்துத் தின்றால் குடலில் பந்தாகச் சுற்றிக்கொள்ளும்.

இங்கே வயிற்றுவலிக்கு வருகிறேன். குதிரைகள் திடீரென்று சாவதற்கு உலகத்தில் எங்கேயும் முதல் வரிசைக் காரணங்களில் இது ஒன்று. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைச் சுரண்டும், படுக்கும், எழும், புரளும், மூத்திரம் போவது போல் நின்று போகாது, வேர்க்கும். சாணம் போடுவது குறைந்திருக்கும். இந்த நேரத்தில் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் மூங்கில் குழாயை எடுப்பது. இஞ்சி, பெருங்காயம், எண்ணெய், சோடா என்று எதையாவது கலக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். சிலர் மூக்கு வழியாகவே ஊற்றிவிடுவார்கள். வலியில் துடிக்கும் குதிரை சரியாக விழுங்காது, மருந்து நுரையீரலுக்குப் போகும். வயிற்றுவலி தீர்ந்த குதிரை நாலாம் நாள் நெஞ்சுச்சளியில் சாகும். எண்ணெய் கொடுக்க வேண்டியிருந்தால் டாக்டர் குழாய் விட்டுக் கொடுப்பார். அதுதான் முறை.

டாக்டர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவு. தீனியை எடுத்துவிடுங்கள். மணல் பரப்பான இடத்தில் மெதுவாக நடத்துங்கள், ஓட்டாதீர்கள். அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். புரளுவதைத் தடுக்கப்போய் உதை வாங்கிக்கொள்ளாதீர்கள். வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள், குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த ஊசி அதை மூடி மறைத்துவிடும். நாடியைப் பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ஒரு ரத்தக்குழாய் கயிறு மாதிரி தட்டுப்படும். நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடித்தால் சரி. அறுபதைத் தாண்டினால் அவசரம். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடியில் பழைய சிவப்பு வர வேண்டும். நல்ல குதிரை ஓய்வில் நிமிஷத்துக்கு எட்டிலிருந்து பதினாறு தடவை மூச்சு விடும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் உடம்புச் சூடு 99.5 முதல் 101.5 டிகிரி வரை இருக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், செல்போன் கவர் வாங்குகிற காசுதான் ஆகும். போனில் "டாக்டர், குதிரை ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று சொல்வதற்கும், "நாடி எழுபது, ஈறு வெளுத்திருக்குது, காலையிலிருந்து சாணம் போடல" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஞாயிற்றுக்கிழமைக் குதிரைகளுக்கு வரும் ஒரு நோயையும் சொல்ல வேண்டும். வாரம் ஆறு நாள் கட்டியே கிடக்கும். கொள்ளும் தவிடும் குறையாமல் போகும். ஞாயிறு காலையில் முதலாளிக்கு நேரம் கிடைக்கும், வண்டியில் பூட்டி ரோட்டில் விரட்டுவார். கால் மணி நேரத்தில் குதிரை வேர்த்து, இடுப்புத் தசை கல்லாக இறுகி, நகர முடியாமல் நின்றுவிடும். மூத்திரம் கறுப்பாகப் போகும். மக்கர் பண்ணுகிறது என்று சாட்டையை எடுத்தால் அதைக் கொல்வதற்குச் சமம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஒரு அடிகூட நடத்த வேண்டாம், தண்ணி காட்டுங்கள், டாக்டரை அங்கேயே கூப்பிடுங்கள். சும்மா நிற்கும் நாளில் கொள்ளைப் பாதியாக்கிப் புல்லைக் கூட்டுவதும், தினம் அரை மணி நேரமாவது நடத்துவதும்தான் இதற்குத் தடுப்பு.

குளம்பையும் பல்லையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குளம்பைத் தினமும் தூக்கிச் சுரண்டிப் பாருங்கள். அடியில் முக்கோண மெத்தை மாதிரி இருக்கும் பகுதி நாற்றமடித்தால் கொட்டகை ஈரம் என்று அர்த்தம். லாடத்தை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். மாட்டு லாடக்காரர் எல்லோருக்கும் குதிரை லாடம் கைவராது, பழக்கப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள். தானிய மூட்டையை உடைத்துத் தின்ற குதிரை மறுநாள் முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், குளம்பு சுட்டால், தாமதிக்கக் கூடாது. பல் விஷயம் என்னவென்றால், குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பல் ஓரம் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் பல்லை ராவிவிட வேண்டும். வயசு பார்க்க மட்டும்தான் பல் என்று சந்தையில் நினைக்கிறார்கள்.

தடுப்பூசியில் இரண்டு முக்கியம். ஒன்று ரணஜன்னி. குதிரைச் சாணம் விழும் மண்ணில் இந்தக் கிருமி இருக்கும், ஆணி குத்தினாலே போதும், குதிரைக்கு மற்ற கால்நடைகளைவிட இது சுலபமாக வரும். காது விறைத்து, வால் தூக்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு ஜவ்வு வந்து வந்து மூடும். வந்தபின் பிழைப்பது கஷ்டம், வருமுன் போடும் ஊசியோ மலிவு. இன்னொன்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தோட்டத்துக் குதிரைக்கு வருஷம் ஒரு தடவை போடுங்கள். வெறி பிடித்த குதிரை வயிற்றுவலிக் குதிரை மாதிரியே இருக்கும், வாயில் கைவிட்டுப் பார்த்தவருக்கும் ஆபத்து.

ஆடி மாதம் புதுக்குதிரை வாங்கி வருபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சந்தைக்கு வரும் குதிரைகளில் ராஜஸ்தான், குஜராத் இனங்களும் உண்டு, பல கை மாறி வந்தவை. வாங்கி வந்ததை மூன்று வாரமாவது பழைய குதிரைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். தண்ணித் தொட்டி, வாளி, துடைக்கும் துணி எல்லாம் தனி. அந்த மூன்று வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

எதற்கு ரத்தப் பரிசோதனை? இரண்டு நோய்க்கு. முதலாவது சர்ரா. கடிக்கும் பெரிய ஈ மூலம் பரவும். ரத்தத்தில் நீந்தும் இதன் கிருமியை 1880ல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபில்தான் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தார். நன்றாகத் தின்றும் இளைக்கும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், அடிவயிறும் காலும் வீங்கும். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் கிருமி சுலபமாகக் கண்ணில் படும். மருந்து உண்டு, சீக்கிரம் பார்த்தால் பிழைக்கும். மாட்டில் இந்தக் கிருமி சத்தமில்லாமல் இருக்கும் என்பதால், பக்கத்து மாட்டுத்தொழுவமும் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது கிளாண்டர்ஸ். மூக்கிலிருந்து கெட்டியான சளி, மூக்குக்குள் புண், காலின் உட்பக்கம் கோலிக்குண்டு மாதிரி கட்டி கட்டியாக வந்து உடைவது இதன் அடையாளம். இது மனுஷருக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் அடங்கிப்போனதாக இருந்த நோய் 2006க்குப் பிறகு பல மாநிலங்களில் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இதற்குச் சிகிச்சை செய்ய அனுமதி இல்லை. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரத்த மாதிரி ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போகும். உறுதியானால் குதிரையை வலியில்லாமல் முடித்துவிடுவார்கள், உரிமையாளருக்கு இழப்பீடு கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பணம் போட்டு வாங்கியதாயிற்றே என்று மறைத்து ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குத் தள்ளிவிட நினைப்பவர்கள், தினமும் அதன் மூஞ்சியைத் துடைத்துவிடும் தங்கள் வீட்டுப் பையனை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதிரிச் சளி ஒழுகும் குதிரையைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு பேச்சில் கேட்டு மனசில் வைத்துக்கொள்வது கஷ்டம், எனக்குத் தெரியும். திருப்பூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் 2020லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே நடக்கிறது. பல்லடத்திலிருந்து இரண்டும் எட்டாத தூரம் இல்லை. ஆடு, கோழி, கறவை மாடு என்றால் ஆட்கள் போய்ப் பயிற்சி கேட்கிறார்கள். குதிரைக்காரர்கள் தனித்தனியாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, ஒரு நாள் செய்முறைப் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள். நாடி பார்ப்பது, குளம்பு தூக்குவது, பல் பார்ப்பது எல்லாம் காதால் கேட்டு வருவதல்ல, கையால் செய்து பழக வேண்டியவை. கொட்டகையில் வேலை செய்யும் ஆளையும் கூடவே கூட்டிப் போங்கள், முதலாளி மட்டும் படித்துவிட்டு வந்து பிரயோஜனமில்லை.

அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. உங்கள் பகுதிக் கால்நடை மருந்தக டாக்டரின் எண்ணையும் அதோடு சேர்த்துக் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். குதிரையின் எடை, கடைசியாகப் போட்ட ஊசித் தேதி, லாடம் அடித்த தேதி, இவற்றையும் பக்கத்திலேயே எழுதி வைத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்காது.